1,500 மாணவர்களும் ஒரு ரப்பர் பையும்



மலர்க்குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே நிறைய வந்தாச்சு, வேற ஏதாவது எழுதுப்பா!" நியாயம்தான். மெஸ் சாம்பாரைப் பற்றி எத்தனை பேர்தான் எழுதுவது? ஆகவே வேறொரு ஊர் மாணவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஊர், டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகன். ஆண்டு 1952. அவர்கள் செய்த வேலை, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விடுவது. அவ்வளவுதான். ஆனால் நிறுத்தினால் கட்டிலில் இருப்பவர் செத்துப் போவார்.

நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். வென்டிலேட்டர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் கிடைத்தது இந்த வரலாறு. 2020-ஐயும் 2021-ஐயும் பார்த்துவிட்ட நமக்கு இது பழங்கதை இல்லை.

சுத்தமான ஊருக்கு வந்த நோய்

போலியோ என்கிற இளம்பிள்ளை வாதம் வாய் வழியாக உள்ளே போய், குடலில் பெருகும் வைரஸால் வருவது. பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குக் காய்ச்சலோடு போய்விடும். மிகச் சிலருக்குத்தான் வைரஸ் நரம்பு மண்டலத்துக்குள் போகும். அங்கே போனால் கால் விளங்காமல் போகலாம். இன்னும் மேலே ஏறினால் விழுங்கும் தசைகளும் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும்.

'சுத்தம் சோறு போடும்' என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அது காலராவுக்கும் டைபாய்டுக்கும் நூற்றுக்கு நூறு உண்மை. போலியோ விஷயத்தில் மட்டும் கணக்கு சற்றே கோணலாகப் போனது. நல்ல குடிநீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் வருவதற்கு முன்னால் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்த வைரஸ் தொற்றிவிடும். அப்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும். அதனால் பலருக்குப் பெரிய சேதம் இல்லாமல் கடந்து போகும். ஊர் சுத்தமான பிறகு வைரஸ் தாமதமாக வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வந்தது. அந்த வயதில் வந்தால் முடக்குவாதம் அதிகம். ஸ்காண்டிநேவியா, அமெரிக்கா போன்ற வசதியான இடங்களில் 20-ஆம் நூற்றாண்டில் பெரிய போலியோ அலைகள் வந்ததற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம் இது.

இதைப் படித்துவிட்டு யாரும் கை கழுவுவதை நிறுத்திவிட வேண்டாம்! சுத்தம் இல்லாத நம் நாட்டிலும் போலியோ லட்சக்கணக்கான பிள்ளைகளை முடக்கியது. காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தவர்களை நம் சீனியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. தனி மனிதர் எவ்வளவு சுத்தமாக, ஆரோக்கியமாக இருந்தாலும், அது மட்டுமே போதாத நோய்கள் உண்டு. கோபன்ஹேகன் மக்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

31 பேரில் 27 பேர்

இன்னொரு வேடிக்கை. 1951 செப்டம்பரில் இரண்டாவது சர்வதேசப் போலியோ மாநாடு நடந்ததே கோபன்ஹேகனில்தான். உலகத்தின் போலியோ நிபுணர்கள் எல்லாம் அங்கே கூடினார்கள். அடுத்த கோடையில் நோய் வந்தது.

தொற்றுநோய்க்கென்றே இருந்த ப்ளெக்டாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குவிந்தார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை. 1952 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை சுமார் 2,700 போலியோ நோயாளிகள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சு விடவே உதவி தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு 'இரும்பு நுரையீரல்', மார்பில் மட்டும் கவசம் போல மாட்டும் சிறிய கருவிகள் ஆறு. ஆக ஏழு.

இரும்பு நுரையீரல் என்பது 1928-இல் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கர், லூயி அகாசி ஷா இருவரும் செய்த கருவி. பெரிய உருளைப் பெட்டி. நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், காற்று உள்ளே போகும். அழுத்தத்தைக் கூட்டினால் வெளியே வரும். நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது உடனே புரியும். ஆனால் தொண்டைத் தசைகளும் செயலிழந்தவர்களுக்கு இதில் ஒரு ஆபத்து. விழுங்க முடியாத எச்சிலும் சளியும் அந்தக் காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை செயலிழந்து வந்தவர்கள் 31 பேர். மூன்றே நாட்களுக்குள் அவர்களில் 27 பேர் இறந்துவிட்டார்கள். தலைமை மருத்துவர் ஹென்றி லாசன் திறமைசாலி; ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. ஆனாலும் கண் முன்னால் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ரத்தத்தில் இருந்த துப்பு

லாசனின் உதவி மருத்துவர் மோகன்ஸ் பியோர்னபோ ஒரு யோசனை சொன்னார். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றார். இது சாதாரண யோசனை இல்லை. மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷன் தியேட்டரைத் தாண்டி வேலை கிடையாது என்று நினைத்த காலம் அது. 1952 ஆகஸ்ட் 25-ஆம் தேதி கூட்டம் நடந்தது.

இப்சன் இறந்தவர்களின் பரிசோதனையைப் பார்த்தார். நுரையீரல்கள் அப்படியொன்றும் கெட்டுப் போயிருக்கவில்லை. பிறகு ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிக அதிகமாக இருந்தது. ரத்தத்தில் காரம் கூடிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று மற்றவர்கள் அதைப் படித்திருந்தார்கள். இப்சன் அதே எண்ணை வேறு மாதிரி படித்தார். காரம் கூடவில்லை, மூச்சு போதாமல் கரியமில வாயு வெளியேற வழியின்றித் தேங்கிவிட்டது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருந்ததால் நோயாளிகளின் முகம் சிவப்பாகவே இருந்தது. அதனால் மூச்சு போதவில்லை என்பது வெளியே தெரியவில்லை.

இதை எப்படி உறுதி செய்வது? பி.எச். மீட்டரை வைத்துத்தான். நம் லேபில் பீக்கரில் எலக்ட்ரோடை முக்கி ரீடிங் எடுத்தோமே, அதே தத்துவம்! அங்கே ரத்தத்தின் பி.எச். அளந்து பார்த்தபோது இப்சன் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரி லேபின் தலைவர் பௌல் ஆஸ்ட்ரப் பிறகு இந்த அளவீட்டையே தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கினார். இன்று ஐ.சி.யூ.வில் 'ஏ.பி.ஜி. எடுங்க' என்கிறார்களே, அந்தப் பரிசோதனையின் வரலாற்றில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எண் எல்லோர் கையிலும் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் உயிர் இருந்தது.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி, 12 வயதுப் பெண் ஒருத்தி. கைகால் விளங்காமல், மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். தொண்டையில் துளையிட்டு, பக்கவாட்டில் காற்று கசியாதபடி சுற்றுப்பட்டை உள்ள ரப்பர் குழாயைப் பொருத்தச் செய்தார் இப்சன். குழாயின் மறுமுனையில் ரப்பர் பை. முதலில் காற்று உள்ளே போகவில்லை; அவள் போராடினாள். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்களில் சிலர் நம்பிக்கை இழந்து வெளியே போய்விட்டார்கள் என்பார்கள். இப்சன் பென்டதால் கொடுத்தார். அவளுடைய போராட்டம் அடங்கியது. பையை அமுக்கினார், மார்பு எழும்பியது. தேங்கியிருந்த சளியை உறிஞ்சி எடுத்தார்கள். கரியமில வாயு இறங்கியது. அந்தப் பெண் பிழைத்தாள்.

கைகள்

வழி தெரிந்துவிட்டது. மெஷின் இல்லை. ஒரு நோயாளிக்கு வழி தெரிவது வேறு, ஒரே நேரத்தில் 70 பேருக்குச் செய்வது வேறு. உச்சக்கட்டத்தில் எழுபது பேருக்கு ஒரே சமயத்தில் கையால் மூச்சு கொடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பிறகு பல் மருத்துவ மாணவர்களையும் கூப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர். ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 1,65,000 மணி நேரம்.

எஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது நோயாளிகள் என்றால் நாளுக்கு 1,680 மணி நேரம். ஆறு மணி நேர ஷிஃப்ட் என்றால் தினமும் 280 பேர் வேண்டும். ஒரு மாணவருக்குச் சராசரி 110 மணி நேரம். நிமிடத்துக்கு 20 முறை என்று வைத்தால் ஒரு ஷிஃப்டில் 7,200 தடவை அமுக்க வேண்டும். தூங்கி விழக் கூடாது, வேகம் மாறக் கூடாது, கவனம் சிதறக் கூடாது.

கட்டிலில் இருந்தவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். பேச முடியாது, குழாய் தொண்டையில் இருக்கிறது. ஆனால் நினைவு இருக்கும். மாணவர்கள் ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டே கதை படித்துக் காட்டினார்கள். கண் அசைவை வைத்து, காற்று போதுமா போதாதா என்று தெரிந்துகொண்டார்கள். வாரக் கணக்கில் ஒரே குழந்தையின் மூச்சாக இருந்தவர்களும் உண்டு.

எல்லோரும் பிழைக்கவில்லை. நூற்றுக்கு 87 ஆக இருந்த சாவு, சுமார் 40 ஆகக் குறைந்தது. மகத்தான சாதனைதான். ஆனால் நூற்றுக்கு 40 என்பதை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகள், தாங்கள் பை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே எத்தனையோ குழந்தைகள் இறந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் மறுபடி ஷிஃப்டுக்கு வந்திருக்கிறார்கள்.

கைகளுக்குப் பின் வந்தவை

அந்தக் கைகளிடமிருந்து மூன்று விஷயங்கள் பிறந்தன. முதலாவது, மெஷின். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் குன்னார் எங்ஸ்ட்ரோம் செய்த வென்டிலேட்டர் 1950-களில் அந்தப் பை அமுக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஐ.சி.யூ. மூச்சுக்குப் போராடுகிறவர்களை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து, 24 மணி நேரமும் ஆள் வைத்துப் பார்ப்பது என்ற ஏற்பாட்டை 1953 டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகன் நகராட்சி ஆஸ்பத்திரியில் தொடங்கினார். உலகத்தின் முதல் ஐ.சி.யூ. என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்றாவது, அமுக்கி விட்டால் தானே விரிந்துகொள்ளும் பை. டென்மார்க்கின் ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸே இருவரும் உருவாக்கி 1956-இல் விற்பனைக்கு வந்தது. நம்ம 108 ஆம்புலன்ஸில் இருக்கும் 'ஆம்பு பேக்' அதுதான்!

2020-இல் வென்டிலேட்டர் போதாது என்று உலகமே பதறியபோது, பல நாட்டு எஞ்சினியரிங் மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆம்பு பேக்கை மோட்டார் வைத்து அமுக்கும் கருவிகளை வடிவமைத்தார்கள். 1952-இல் மாணவரின் கை. 2020-இல் மாணவர் செய்த மோட்டார் கை.

வார்டு காலியானது எப்படி?

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டி விட்டுப் போய்விடலாம். ஆனால் போலியோ வார்டுகளைக் காலி செய்தது மாணவர்களின் கைகளும் இல்லை, எங்ஸ்ட்ரோமின் மெஷினும் இல்லை. தடுப்பூசி.

அதே 1952-இல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்குப் போலியோ. 1954-இல் ஜோனஸ் சால்க்கின் ஊசியை 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் பங்கெடுத்த சோதனையில் பரிசோதித்தார்கள். 1955 ஏப்ரல் 12-ஆம் தேதி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிரான்சிஸ் முடிவை அறிவித்தார். ஊசி வேலை செய்கிறது! டென்மார்க் காத்திருக்கவில்லை. கோபன்ஹேகனில் உள்ள அரசின் சீரம் நிறுவனமே ஊசி தயாரித்து அதே 1955-இல் போடத் தொடங்கியது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஹெர்டிஸ் வோன் மாக்னுஸ் என்ற பெண் விஞ்ஞானி முக்கியமானவர்.

ஒரு கறுப்புப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1955 ஏப்ரலிலேயே அமெரிக்காவில் கட்டர் என்ற கம்பெனி தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகாமல் இருந்துவிட்டது. சுமார் 200 பேருக்கு முடக்குவாதம் வந்தது. 10 பேர் இறந்தார்கள். உற்பத்தியில் தரக் கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் இல்லை. அந்த ஊசிகளைத் திரும்பப் பெற்றார்கள், திட்டத்தையே சில நாள் நிறுத்தினார்கள், சோதனை முறைகளை இறுக்கினார்கள், மறுபடி தொடங்கினார்கள். மூடி மறைக்கவில்லை, ஊசியே வேண்டாம் என்று தூக்கிப் போடவும் இல்லை. 1957-இல் அமெரிக்காவில் போலியோ 6,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. 58,000 எங்கே, 6,000 எங்கே!

நம்ம நாட்டுக் கதை இன்னும் நீளம். சொட்டு மருந்து வெளிநாட்டில் வேலை செய்த அளவுக்கு நம் குழந்தைகளிடம் மூன்று தவணையில் வேலை செய்யவில்லை, கூடுதல் தவணை வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். தயாரிப்பாளர் கொடுக்கும் அளவு ஒன்று, களத்தில் கிடைக்கும் அளவு வேறொன்று என்பது எஞ்சினியர்களுக்குப் புதிதா என்ன? 1995-இல் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ தொடங்கியது. இன்றைய மாணவர்களில் அநேகமாக எல்லோரும் சுண்டு விரலில் மை வாங்கியவர்கள்தான். ஒரே சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்த நாடு இது. 2009-இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ, உலகத்திலேயே அதிகம். 2010-இல் 42. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்காளத்தின் ஹௌராவில் ஒரு பெண் குழந்தை. அதோடு சரி. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் கிடைத்தது.

கலிங்கும் கரையும்

நம்ம ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரை இருக்கிறது, மிஞ்சின தண்ணீர் போகக் கலிங்கு இருக்கிறது. மழை ஓரளவு பெய்தால் கலிங்கு தாங்கும். அதற்கு மேல் வந்தால் கரை உடையும். ஆஸ்பத்திரி என்பது அந்தக் கலிங்கு. எத்தனை பேர் நோயில் விழுகிறார்கள் என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. வந்தவர்களைத் தாங்கத்தான் முடியும். ப்ளெக்டாமில் ஏழு கருவி, வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். 2021 மே மாதம் சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது உள்ளே இருந்த டாக்டர்களும் நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் 1952-இன் மாணவர்கள் போலத்தான் உழைத்தார்கள். உழைப்பில் குறை இல்லை. வரத்து அதிகம்.

அடுத்து 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது நோயாளிகள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் ஐ.சி.யூ. படுக்கைகள் முந்தைய ஆண்டு போல நிரம்பவில்லை. வைரஸின் குணம் மாறியதும் ஒரு காரணம், முன்பே தொற்று வந்து போனதும் ஒரு காரணம். அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் ஊசி போட்டிருந்தது முக்கியமான காரணம். கோவிட் ஊசி தொற்றே வராமல் தடுக்கும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஐ.சி.யூ. வரை போகாமல் பெரும்பாலோரைக் காத்தது. அதுதான் அதன் பெரிய வேலை.

இந்த மலரின் அஞ்சலிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் 2020, 2021 என்று ஆண்டு போட்ட பெயர்கள் இருக்கின்றன. நம் ஆசிரியர்கள், சீனியர்கள், எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன். ஊசி கைக்கு வருவதற்கு முன்பே போனவர்கள் அவர்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 16-இல்தான் ஊசி தொடங்கியது. நம் வயதுக்காரர்களுக்கு மே மாதம்தான் முறை வந்தது. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை, கிடைத்த நாம் வாட்ஸ்அப் பார்வர்டைப் பார்த்து அலட்சியம் செய்வது நியாயமா என்று மட்டும் கேட்கிறேன். நோய் மறந்துவிடாது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தில், ஊசி போடாத ஓர் இளைஞருக்குப் போலியோ முடக்குவாதம் வந்தது. 2024-இல் போர் நடந்த காஸாவில் 10 மாதக் குழந்தைக்கு வந்தது. அங்கே 25 ஆண்டுகளாகப் போலியோ இல்லை.

தம்பி தங்கைகளுக்கு

சங்கத்துக்கு ஒரு சின்ன யோசனையும் வைக்கிறேன். ரத்த தான முகாம் நடத்துகிறோம், நல்லது. அதோடு வருஷத்துக்கு ஒரு நாள், மார்பை அமுக்கி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சியும் ஆம்பு பேக் பிடிக்கும் பயிற்சியும் மாணவர்களுக்குக் கொடுக்கலாம். அதே நாளில் டெட்டனஸ், ஹெபடைட்டிஸ்-பி ஊசிகளில் யாருக்கு எது விடுபட்டிருக்கிறது என்று டாக்டரை வைத்துப் பார்த்துவிடலாம். செலவு அதிகம் ஆகாது. நம் பேட்ச்களில் ஏதாவது ஒன்று ஏற்றுக்கொள்ளும்.

கோபன்ஹேகன் மாணவர்களை யாரும் வீரர்களாகப் பிறக்க வைக்கவில்லை. கூப்பிட்டார்கள், போனார்கள், உட்கார்ந்தார்கள், கை வலிக்க அமுக்கினார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நம் கல்லூரிப் பிள்ளைகளும் போவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதிரி நாள் வராமலே பார்த்துக்கொள்வதுதான் இன்னும் பெரிய வேலை. அதற்கு 110 மணி நேரம் வேண்டாம். சட்டைக் கையை மடக்கிவிட்டு ஒரு நிமிடம் நீட்டினால் போதும்.

அனைவருக்கும் சந்திப்பு நாள் வாழ்த்துகள். நல்ல உடல்நலத்தோடு அடுத்த சந்திப்பிலும் பார்ப்போம்.